டிரெய்லர் சுவரில் புதுக் கதவு: வெட்டுவதற்கு முன்னால்

வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகிற வீட்டு டிரெய்லர் வைத்திருக்கிற யாரிடம் பேசினாலும் முதலில் வருகிற குறை, "சாமான் வைக்க இடம் பத்தலை" என்பதுதான். ஆனால் உள்ளே ஏறிப் பார்த்தால் இடம் கிடக்கும். சாப்பாட்டு மேஜையின் பெஞ்சுக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், பிள்ளைகளின் அடுக்குப் படுக்கைக்கு அடியில் என்று பெட்டி பெட்டியாக இருக்கும். பாதி காலியாகவே கிடக்கும். காரணம், அங்கே கை போக வழி கிடையாது.

எங்கள் டிரெய்லர் பங்க்ஹவுஸ் வகை. பின்கோடியில், வாசல் இருக்கிற பக்கமாக, பிள்ளைகளுக்கு இரண்டடுக்குப் படுக்கை. கீழ்ப் படுக்கைக்கு அடியில் மடக்கு நாற்காலிகள், மடக்கு மேஜை, வெளியே விரிக்கிற பாய் எல்லாம் தாராளமாகப் போகும். ஆனால் ஒரு நாற்காலியை எடுக்க வேண்டுமென்றால் தலையணை போர்வையை ஒதுக்கி, மெத்தையைத் தூக்கி, அதன் கீழே இருக்கிற ஒட்டுப்பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் துழாவ வேண்டும். மிச்சிகன் மழையில் சேற்றுக் காலோடு இதைச் செய்துகொண்டிருந்தபோது, கேட்க வேண்டிய கேள்வியை என் மனைவிதான் கேட்டாள்: "ஏங்க, நாற்காலியே வெளிய போடத்தானே? அதை எதுக்கு உள்ள வந்து எடுக்கணும்?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் வெளிச்சுவரை வெட்டி ஒரு கதவு வைத்தோம். அமெரிக்காவில் இதை பேக்கேஜ் டோர் என்பார்கள். இதே வேலையைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: கைக்கு வழி விடுகிற ஓட்டை தண்ணீருக்கும் வழி விடும். கதவைப் பொருத்துவது பாதி வேலை. தண்ணீரை வெளியே நிறுத்துவது மீதிப் பாதி. இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து கடைசித் திருகு வரை, இந்த இரண்டாவது பாதியை மனதில் வைத்துத்தான் ஒவ்வொன்றையும் தீர்மானிக்க வேண்டும்.

சுவருக்குள் என்ன இருக்கிறது?

அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பாலானவை இண்டியானா மாநிலத்தின் எல்க்கார்ட் வட்டாரத்தில்தான் தயாராகின்றன. கம்பெனி எதுவானாலும் சுவர் கட்டுகிற முறை அநேகமாக இரண்டில் ஒன்று.

முதல் வகை, மரச்சட்டமும் அலுமினியத் தகடும். ஒன்றரை அங்குல மரச்சட்டங்களுக்கு நடுவே கண்ணாடி இழைப் பஞ்சை அடைத்து, வெளியே வரி வரியான அலுமினியத் தகட்டை ஒன்றோடு ஒன்று கோத்து அடித்திருப்பார்கள். இதில் கதவு வைப்பது ஓரளவு சுலபம். வெட்டிய இடத்தில் புதுச் சட்டம் சேர்த்து அடித்துக்கொள்ளலாம். ஒரே சிரமம், தகட்டின் மேடுபள்ளத்தில் கதவின் விளிம்பு சமமாக உட்காராது. பள்ளங்களை பியூட்டைல் டேப் என்கிற பிசுபிசுப்பான அடைப்பு நாடாவால் நிரப்பிய பிறகுதான் கதவை வைக்க வேண்டும்.

இரண்டாவது வகை, லாமினேட் சுவர். வெளியே வழவழப்பான ஃபைபர்கிளாஸ், அதற்குப் பின்னால் மெல்லிய ஒட்டுப்பலகை, நடுவில் அலுமினியக் குழாய்ச் சட்டம், குழாய்களுக்கு இடையே தெர்மாகோல், உள்பக்கம் மறுபடி மெல்லிய ஒட்டுப்பலகை. எல்லாவற்றையும் பசை போட்டு அழுத்தி ஒரே பலகையாக்கிவிடுவார்கள். மொத்தத் தடிமன் இரண்டு அங்குலத்துக்குள் அடங்கிவிடும். இவ்வளவு மெல்லிய சுவருக்குப் பலம் தருவது பசைதான். தண்ணீர் ஒரு திருகு ஓட்டை வழியாகப் போனாலும் ஒட்டுப்பலகை ஊறும், பசை விடும், வெளியே ஃபைபர்கிளாஸ் அப்பளம் பொரிகிற மாதிரி உப்பிக்கொண்டு வரும். இதற்கு டீலாமினேஷன் என்று பெயர். ஒருமுறை உப்பிவிட்டால் அதைப் பழையபடி ஒட்டவைப்பது பெரும்பாடு. டிரெய்லரின் விலையும் இறங்கிவிடும்.

எங்களுடையது இந்த இரண்டாவது வகை. ஆகவே கீழே சொல்வதெல்லாம் லாமினேட் சுவரை வைத்துத்தான். ஏர்ஸ்ட்ரீம் போல அலுமினியக் கூடே பாரம் தாங்குகிற வண்டி என்றால், தோலை வெட்டுவது சட்டத்தை வெட்டுவதற்குச் சமம். அதை அந்த வேலை தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

வெட்டாமல் முடியுமா?

ரம்பத்தை எடுப்பதற்கு முன்னால் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேட வேண்டும். வெட்டாத சுவர் ஒருநாளும் வெட்டிய இடத்தில் ஒழுகாது.

கட்டில் பலகையைத் தூக்குவதுதான் சிரமம் என்றால், காரின் பின்கதவில் இருக்கிறதே, அதுபோன்ற காஸ் ஸ்ட்ரட் இரண்டு போட்டால் போதும். பலகை, மெத்தை இரண்டின் எடையையும் பார்த்து வாங்குங்கள். பலம் கூடினால் பலகை கீழே நிற்காது, குறைந்தால் மேலே நிற்காது.

நடைபாதைப் பக்கம் இருக்கிற படுக்கையின் முகப்புப் பலகையில் ஒரு சிறு கதவு வைக்கலாம். அது உள்சுவர் என்பதால் மழை பற்றிய கவலை இல்லை. அல்லது, பல டிரெய்லர்களில் முன்பக்கம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை நீளுகிற பாஸ் த்ரூ அறை இருக்கும். அதற்கும் கட்டிலின் அடிப்பகுதிக்கும் நடுவில் வெறும் மெல்லிய பலகைதான் தடுப்பாக இருக்கும். அந்தத் தடுப்பைத் திறந்தாலே ஏற்கெனவே இருக்கிற வெளிக்கதவு வழியாகக் கட்டிலுக்கு அடியில் பாதி தூரம் கை போய்விடும். திறப்பதற்கு முன்னால் அங்கே தண்ணீர் பம்ப், ஹீட்டர் குழாய், மின்கம்பி எது ஓடுகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தடுப்பு எதையாவது காப்பாற்றிக்கொண்டிருக்கலாம்.

எங்கள் விஷயத்தில் படுக்கை இருப்பது பின்கோடி. பாஸ் த்ரூ முன்கோடி. முகப்பில் கதவு வைத்தால் சேற்றுக் காலோடு உள்ளே வருவது தொடரும். அதனால்தான் வெளிச்சுவர் என்று முடிவெடுத்தோம். வாரண்டி இன்னும் ஓடுகிற வண்டியாக இருந்தால், சுவரை வெட்டினால் எது செல்லும் எது செல்லாது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எடைதான் முதல் கணக்கு

கதவு வைத்தவுடன் என்ன நடக்கும்? எளிதில் கைபோகிற பெட்டி நிரம்பும். அது மனித சுபாவம். ஆகவே அந்தப் பெட்டி அச்சுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பது முக்கியம்.

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கிற வண்டியின் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது பொதுவான விதி. 6,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 600 முதல் 900 பவுண்டு. அச்சுக்குப் பின்னால் பாரம் ஏற ஏற, கொக்கியின் பாரம் குறையும். ரொம்பக் குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் கட்டுக்கு மீறினால் இழுக்கிற வண்டியையும் சேர்த்துப் புரட்டும். எங்கள் புதுப் பெட்டி பின்கோடியில் இருக்கிறது. எனவே அதில் நாற்காலி, பாய், காலி வாளி, பிள்ளைகளின் பந்து மாதிரி இலேசான சாமான்கள் மட்டும். ஜாக்கி, கருவிப்பெட்டி, இரும்புச் சட்டி எல்லாம் முன்பக்கம்தான். கதவின் உட்பக்கம் இதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறோம், பிள்ளைகளும் பார்த்து வைக்கட்டும் என்று.

மொத்த எடைக்கும் எல்லை உண்டு. இவ்வளவுக்கு மேல் சரக்கு ஏற்றாதே என்று டிரெய்லரின் வாசலருகே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அந்த எண்ணுக்குள்தான் தண்ணீரும் அடக்கம். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டியை நிரப்பினால் 332 பவுண்டு, அதாவது 150 கிலோ அதிலேயே போய்விடும். சந்தேகமிருந்தால் லாரிகள் நிற்கிற டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் என்கிற எடைமேடை இருக்கும். பயணத்துக்கு ஏற்றுவது போலவே எல்லாம் ஏற்றிக்கொண்டு போய் எடை போட்டுப் பாருங்கள்.

இடமும் அளவும்

அழகான கதவை முதலில் வாங்கிவிட்டு அதற்கு இடம் தேடுவது தலைகீழ் வேலை. சுவருக்குள் குழாய்ச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கதவு இரண்டு குழாய்களுக்கு நடுவில் உட்கார வேண்டும். குழாயை வெட்டவே கூடாது.

இதற்கு நான் கண்ட நல்ல வழி, குளிர்காலக் காலைதான். உள்ளே ஹீட்டரை ஓட விட்டு, வெளியே வெப்பக் கேமராவில் பார்த்தால் சுவரின் எலும்புக்கூடு அப்படியே தெரியும். தெர்மாகோல் வெப்பத்தைத் தடுக்கும், அலுமினியம் கடத்தும். அதனால் குழாய் ஓடுகிற இடமெல்லாம் வெளிச்சக் கோடாக ஒளிரும். கேமரா இல்லையென்றால் உலோகம் காட்டுகிற ஸ்டட் ஃபைண்டர் போதும். கண்டுபிடித்த கோடுகளை மாஸ்கிங் டேப்பால் சுவரிலேயே வரைந்துவிடுங்கள். உள்பக்கமும் அதேபோல.

அடுத்தது மின்கம்பி. பின்பக்க விளக்குகளுக்குப் போகிற 12 வோல்ட் கம்பியும், படுக்கையருகே இருக்கிற பிளக் பாயிண்டுக்குப் போகிற 120 வோல்ட் கம்பியும் இந்தச் சுவரில்தான் ஓடும். எந்த விளக்கு, எந்த பிளக், அதற்குக் கம்பி மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்து உறுதி செய்யாமல் ரம்பத்தைத் தொடாதீர்கள். சுவரின் அடிக்குழாய் தரையோடு இணைகிற இடத்துக்கு மேலேதான் வெட்டு ஆரம்பிக்க வேண்டும். ஜன்னல் ஓரம், சுவர் மூலை, சக்கரக் குழி இவற்றிலிருந்து தள்ளி நிற்பது நல்லது.

இவ்வளவும் கழித்து எங்களுக்குக் கிடைத்த இடத்தில் 30 அங்குல அகலம், 14 அங்குல உயரமுள்ள கதவு பொருந்தியது. கதவு வாங்கும்போது சொல்ல வேண்டிய அளவு சுவரில் வெட்டப்போகிற திறப்பின் அளவு. அகலம் எது உயரம் எது என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். அதோடு சுவரின் தடிமனும் வேண்டும். ஏற்கெனவே இருக்கிற ஒரு பேக்கேஜ் கதவைத் திறந்து, அதன் விளிம்பில் தடிமனை அளந்துகொள்ளலாம்.

மூலைகள் வளைவாக இருக்கிற கதவையே தேர்ந்தெடுத்தோம். கூர்மையான மூலையில்தான் அதிர்வின் அழுத்தம் குவியும், விரிசலும் அங்கேதான் ஆரம்பிக்கும். கீல் மேலே இருக்கிற மாதிரி வைத்தோம். ஓடுகிறபோது பூட்டு விட்டுப்போனாலும் கதவு தன் எடையாலேயே கீழே விழுந்து மூடிக்கொள்ளும். பக்கவாட்டில் கீல் வைப்பதென்றால் வண்டியின் முன்பக்கமாக வையுங்கள். காற்று கதவைத் திறக்காமல் அழுத்தி மூடும்.

வெட்டுகிற நாள்

மழை இல்லாத, அடுத்த நாளும் மழை வராத ஒரு நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளி மின்சாரத்தைப் பிடுங்க வேண்டும். சோலார் பேனல் இருந்தால் முதலில் பேனலைக் கழற்றிவிட்டு, பிறகு பேட்டரியைக் கழற்ற வேண்டும்.

முதலில் உள்ளிருந்து நாலு மூலையிலும் சிறு துளை போட்டு வெளியே வரவிடுங்கள். அந்த நாலு துளைகளையும் வெளியே மூலைமட்டம், ரசமட்டம் வைத்துச் சரிபார்த்துக் கோடு போட வேண்டும். டிரெய்லர் சாய்ந்து நின்றால் ரசமட்டம் ஏமாற்றும். ஆகவே பக்கத்து ஜன்னலின் விளிம்புக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்தையும் இரு முனையிலும் அளந்து பாருங்கள். கோட்டின் மேல் அகலமாக மாஸ்கிங் டேப் ஒட்டினால் ஃபைபர்கிளாஸின் மேல்பூச்சு சிதறாது, ஜிக்சா ரம்பத்தின் அடித்தட்டும் கீறாது. பிளேடு, கீழ்நோக்கி வரும்போது வெட்டுகிற வகையாக இருக்கட்டும். மேல்நோக்கி வெட்டுகிற பிளேடு பூச்சைப் பெயர்த்துவிடும்.

வெட்டி எடுத்த துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சில வகைக் கதவுகளில் அந்தத் துண்டையே கதவின் நடுப்பலகையாகச் சொருகலாம். சுவரின் நிறமும் கோடுகளும் அப்படியே தொடரும்.

இனி வருவது பலர் தாண்டிப் போய்விடுகிற வேலை. வெட்டிய விளிம்பில் தெரிவது வெறும் தெர்மாகோல். கதவின் விளிம்புத் திருகு அதில் பிடிக்காது. மெல்லிய ஒட்டுப்பலகையில் மட்டும் பிடித்தால் கொஞ்ச நாளில் கழன்று ஆடும். ஆட ஆட அந்த ஓட்டை பெரிதாகும், தண்ணீர் இறங்கும். அதனால் நாலு பக்கமும் தெர்மாகோலை ஒன்றரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் அளவாக அறுத்த மர ரீப்பரைப் பசை போட்டு இறக்க வேண்டும். சுரண்ட ஒரு பழைய உளி போதும். பசையில்தான் கவனம் வேண்டும். கரைப்பான் கலந்த கான்டாக்ட் பசை தெர்மாகோலைத் தின்றுவிடும். ஊற்றிய இடத்தில் சத்தமில்லாமல் குழிந்துகொண்டே போகும். டப்பாவில் நுரைக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிற பசையை வாங்கி, சுரண்டிய துண்டு ஒன்றில் முதலில் தடவிப் பாருங்கள். ரீப்பரை வைத்துக் கிளாம்ப் போட்டு ஒரு இரவு விட்டால் திறப்பு முழுக்க ஒரு மர நிலை தயாராகிவிடும். கதவு அந்த நிலையில்தான் நிற்கப் போகிறது.

தண்ணீரை நிறுத்துகிற வேலை

பசை போடாமல் கதவைச் சும்மா பொருத்திப் பாருங்கள். எல்லாப் பக்கமும் சமமாக உட்கார்ந்தால் கழற்றி, சுவரையும் கதவின் விளிம்பையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, விளிம்பைச் சுற்றி பியூட்டைல் டேப் ஒட்ட வேண்டும். டேப்பின் இணைப்பு மேல்பக்கம் வரக் கூடாது. கீழ்ப்பக்கத்தில் ஆரம்பித்துச் சுற்றிவந்து கீழ்ப்பக்கத்திலேயே முடியுங்கள்.

துருப்பிடிக்காத ஸ்டீல் திருகுகளைக் கையால் முடுக்குங்கள். டிரில் வைத்து ஓட்டினால் எங்கே இறுகியது, எங்கே ஓட்டை சிதைந்தது என்று விரலுக்குத் தெரியாது. எதிரெதிர்த் திருகாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு வந்தால், விளிம்பு முழுக்க பியூட்டைல் சாம்பல் நிறக் கோடாக ஒரே சீராகப் பிதுங்கும். எங்கே பிதுங்கவில்லையோ அங்கே இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் டேப் அமுங்கியிருக்கும். இன்னொரு முறை முடுக்க வேண்டும். பிதுங்கியதை பிளாஸ்டிக் தகட்டால் வழித்துவிடலாம்.

அதற்கு மேல் சீலன்ட். மேல்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் போடுங்கள், கீழ்ப்பக்கத்தை விட்டுவிடுங்கள். எப்படியாவது உள்ளே போன ஈரம் கீழ்வழியாக வடிய வேண்டும். நாலு பக்கமும் அடைத்தால் அது சுவருக்குள்ளேயே தங்கி ஓதம் ஏறும். கூரைக்கென்று விற்கிற, தானாகப் பரவுகிற சீலன்ட்டைச் சுவரில் போட்டால் வழிந்துவிடும். வழியாத வகையைக் கேட்டு வாங்குங்கள். சிலிக்கான் வேண்டாம். அது பின்னால் உரிந்து வரும்போது அதன் மேல் எந்தப் புதுச் சீலன்ட்டும் ஒட்டாது. கதவுக்கு மேலே, இரு பக்கமும் ஓரிரு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு சிறு மழைத் தடுப்பும் ஒட்டினோம். கூரையிலிருந்து வழிகிற தண்ணீர் கதவின் கீலில் விழாமல் ஒதுங்கிப் போகும்.

கடைசியில் பரீட்சை. நான் வெளியே ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டேன். மனைவி உள்ளே பலகையைத் தூக்கி வைத்துவிட்டு, கையில் டிஷ்யூ பேப்பரும் டார்ச்சுமாக உட்கார்ந்தாள். தண்ணீரைக் கீழேயிருந்து ஆரம்பித்து மெதுவாக மேலே கொண்டுபோக வேண்டும். மேலேயிருந்து ஊற்றினால் எந்த உயரத்தில் ஒழுகுகிறது என்று தெரியாது. ஒவ்வொரு பக்கமாக அவள் டிஷ்யூவை விளிம்பில் ஒற்றி எடுத்து, "இந்தப் பக்கம் காஞ்சிருக்கு, அடுத்த பக்கம் போங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தாள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் டிஷ்யூவில் உடனே நிறம் மாறிக் காட்டும். நாலு பக்கமும் காய்ந்தே இருந்தது. இந்தப் பரீட்சைக்கு ஆள் இரண்டு பேர் வேண்டும், அவசரமும் கூடாது.

பூட்டு, வெப்பம், ஆபத்தான சாமான்கள்

புதுக் கதவோடு வருகிற சாவியில் சி.எச்.751 என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவில் ஓடுகிற ஏராளமான டிரெய்லர்களுக்கு இதே சாவிதான். பக்கத்து டிரெய்லர்காரரின் சாவி உங்கள் கதவைத் திறக்கும். பழைய பூட்டின் உருளை நீளத்தை அளந்துகொண்டு போனால் வேறு சாவியுள்ள கேம் லாக்கைக் குறைந்த செலவில் வாங்கி மாற்றிவிடலாம். எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி வருகிற செட்டாக வாங்கினால் சாவிக்கொத்தும் குறையும்.

எங்கள் பெட்டிக்கு மேலே ஒரு குழந்தை படுக்கிறது. அதனால் கதவின் உட்பக்கம் ஒரு அங்குல நுரைப் பலகை ஒட்டி, விளிம்பில் ரப்பர் பீடிங் போட்டோம். குளிர் ஏறாது, மண் பாதையில் தூசும் வராது, எலிக்கும் வழி இல்லை.

அதே காரணத்தால் கண்டிப்பான விதி ஒன்றும் உண்டு. புரொப்பேன் சிலிண்டர், சிறிய பச்சை சிலிண்டர் உட்பட, இந்தப் பெட்டிக்குள் போகாது. பெட்ரோல் கேன் போகாது. பெட்ரோல் மிச்சமிருக்கிற ஜெனரேட்டரும் போகாது. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலையாமல் அடியில் தேங்கும். பெட்ரோல் ஆவியும் அப்படித்தான். டிரெய்லரில் புரொப்பேனுக்கென்று கட்டுகிற பெட்டிகள் வீட்டுப் பகுதியோடு காற்றுத் தொடர்பே இல்லாமல் அடைக்கப்பட்டு, அடியில் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். நாம் வெட்டி வைக்கிற கதவுக்குப் பின்னால் அந்த ஏற்பாடு கிடையாது. வெளியிலிருந்து திறப்பதால் அது வெளி இடம் ஆகிவிடாது. பிள்ளை தூங்குகிற அறையின் ஒரு பகுதிதான் அது.

வைத்த பிறகு

கதவு வைத்ததோடு வேலை முடிவதில்லை. மிச்சிகனில் குளிர்காலத்தில் உறைந்து, வெயிலில் விரிந்து, சாலையில் அதிர்ந்து சீலன்ட் ஒருநாள் விரிசல் விடும். வசந்தத்தில் டிரெய்லரை வெளியே எடுக்கும்போதும், பனிக்கு மூடி வைப்பதற்கு முன்னாலும் இந்தக் கதவைச் சுற்றி விரலால் ஒரு முறை தடவிப் பார்ப்போம். உள்பக்கம் ஈரம் காட்டுகிற மீட்டரை நாலு மூலையிலும் வைத்துப் பார்ப்போம். எண் முன்பைவிட ஏறியிருந்தால் அன்றே சீலன்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். ஆண்டுதோறும் இதைச் செய்ய மனமில்லையென்றால் சுவரை வெட்ட வேண்டாம், காஸ் ஸ்ட்ரட்டே போதும் என்பதுதான் என் உறுதியான கருத்து.

செய்ய மனமிருக்கிறது என்றால், இந்த வாரமே ரம்பத்தை எடுக்க வேண்டியதில்லை. ஒரு டார்ச்சும் அளவு டேப்பும் எடுத்துக்கொண்டு படுக்கைக்கு அடியில் போய்ப் படுத்துப் பாருங்கள். வெளியே நிற்கும்போது உங்களுக்கு எந்தெந்தச் சாமான் தேவைப்படுகிறது, அவற்றின் எடை என்ன, கம்பி எங்கே போகிறது, குழாய் எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள் நிறைந்த பிறகு, கதவு எங்கே வர வேண்டும், எவ்வளவு பெரிதாக வேண்டும், வரத்தான் வேண்டுமா என்பதற்கெல்லாம் பதில் அதிலேயே இருக்கும்.